ஐந்து பல்புகளை எரிய வைத்த இளவரசர்!

கொதிக்கும் பானையின் மூடியை, நீராவி தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பே இல்லாமல், தரையைப் பிளந்து நீராவி சீறினால் எப்படி இருக்கும்? இத்தாலி நாட்டின் டஸ்கனி பகுதியில் அப்படி ஓர் இடம் உண்டு. அதன் பெயரே, சாத்தான் பள்ளத்தாக்கு தான்!

அந்த நீராவியில் இருந்து மின்சாரம் எடுத்துக் காட்டியவர், இளவரசர் பியெரோ ஜினோரி கோன்டி. 1865ல், பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ராஜாவின் மகன் என நினைத்து விடாதீர்கள். அது குடும்பப் பட்டம்.

அவரது மனைவி அட்ரியானாவின் குடும்பத்தினர், அந்தப் பள்ளத்தாக்கில் போரிக் அமிலம் தயாரித்து வந்தனர். கேரம் போர்டில் தூவுகிறோமே... அந்தப் பவுடர் தான்! அதைக் காய்ச்சி எடுக்க விறகு தேவையில்லை; பூமியின் சூடே போதும். அவர்களது குடும்பப் பெயரான லார்டெரல் என்பதில் இருந்து, ஊருக்கும் லார்டெரல்லோ என்ற பெயர் வந்தது.

மாமனாரின் தொழிலில் சேர்ந்த கோன்டிக்கு, அமிலத்தை விட நீராவி மீது தான் கண். ஜூலை 4, 1904ல், அந்த நீராவியால் சிறிய இன்ஜினை ஓட்டி, டைனமோவை சுழல வைத்தார். ஐந்து பல்புகள் எரிந்தன. அந்த இன்ஜினின் சக்தி, முக்கால் குதிரைத்திறன் மட்டுமே!

ஐந்து பல்பு சரி. ஊருக்கே வெளிச்சம் தர வேண்டுமே... அங்கு தான் சிக்கல். நிலத்தடி நீராவியில் வாயுக்களும், அமிலமும் கலந்திருக்கும். இரும்பை அரித்து விடும். அதனால், அந்த நீராவியை இயந்திரத்திற்குள் விடாமல், அதன் சூட்டில் நல்ல தண்ணீரைக் காய்ச்சினர். அதில் கிடைத்த சுத்தமான நீராவி, டர்பைனை சுழற்றியது. இப்படித்தான், 1913ல் உலகின் முதல் புவிவெப்ப மின் நிலையம் உருவானது. திறன், 250 கிலோவாட்.

நீராவி எங்கிருந்து வருகிறது தெரியுமா? மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, ஆழத்தில் உள்ள சூடான பாறைகளால் ஆவியாகி, அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். துளையிட்டால் பீறிட்டுக் கிளம்பும். 1931ல் தோண்டிய ஒரு கிணறு, மணிக்கு 200 டன்னுக்கும் அதிகமான நீராவியைக் கக்கியது!

கோன்டி, 1939ல் காலமானார். ஐந்தே ஆண்டுகளில், இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர், மின் நிலையத்தைத் தகர்த்து விட்டனர். போர் முடிந்ததும் மீண்டும் கட்டினர். அங்கு இன்றும் மின்சாரம் கிடைக்கிறது. 2017ல், அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட மூன்று கி.மீ., ஆழத்திற்குத் துளையிட்டனர். அடியில் இருந்த சூடு, 500 டிகிரி செல்சியசுக்கும் மேல்... ஈயமே உருகி ஓடி விடும்!