பால் மரத்துக்குக் கத்தி வைக்கக் கற்றுத்தந்த ரிட்லி துரை



விழா மலர் என்றால் காந்தியடிகள், பாரதியார், அன்னை தெரேசா ஆகியோரின் வரலாறுகள் வருவது வழக்கம். இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளைக்காரரின் கதை. அவர் தமிழுக்குத் தொண்டு செய்தவர் அல்லர். தொழிலாளிக்காக வாதாடியவரும் அல்லர். ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்ததற்கும், சுங்கை பூலோவில் நாம் குடியிருப்பதற்கும் அவர் செய்த ஒரு வேலை பெருங்காரணம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் அவர் பெயரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்தாம் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். இலண்டன் அரும்பொருளகத்தில் சில ஆண்டுகள் செடி கொடிகளை வகை பிரித்து அடுக்கும் வேலை பார்த்தார். 1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது தாவரத் தோட்டத்துக்கு, இயக்குநராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

அதே 1888ஆம் ஆண்டில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து உரிமம் பெற்றார். ஒருவர் சக்கரத்துக்கு இரப்பரைச் சுற்றினார், மற்றவர் இரப்பர் மரத்தைத் தேடி வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் மலாயாக் காடுகளின் தலையெழுத்து மாறியது.

ரிட்லி வந்தபோது பூமலையில் இரப்பர் மரங்கள் ஏற்கெனவே நின்றன. 1876இல் விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி நட்டார். ஆனால் மரம் வளர்ந்ததே தவிர, அதை வைத்துப் பிழைக்கலாம் என்று யாரும் நம்பவில்லை. ஏன் தெரியுமா? பாலை எப்படி எடுப்பது என்று தெரியாததுதான் காரணம்.

பிரேசில் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். பால் வடியும், ஆனால் மரத்தின் உள்ளே காயம் படும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. பரந்த காட்டில் ஆயிரம் மரம் இருந்தால் அது செல்லும். காசு போட்டு நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்த தோட்டத்தில் செல்லுமா?

ரிட்லி 1890களில் பூமலை மரங்களில் சோதனைமேல் சோதனை செய்து பார்த்தார். பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. அதற்கும் உள்ளே கட்டையை ஒட்டி மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. அதைத் தொடாமல் விட்டால் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். ஆகவே கொத்தாமல், சாய்வாக ஒரு கோடு போட்டுப் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அடுத்த முறை புதிய இடத்தைத் தேடாமல் அதே கோட்டின் கீழ் விளிம்பை இன்னும் ஒரு சீவல் சீவ வேண்டும். இங்கேதான் அவர் பெரும் அதிசயம் ஒன்றைக் கண்டார். முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடுதலாக வந்தது! காயத்தைத் திறக்கத் திறக்க மரம் அதிகம் சுரந்தது. நடுவில் ஒரு நேர்க்கோடு, இருபுறமும் சாய்ந்த கோடுகள், பார்ப்பதற்கு மீன்முள் போல இருக்கும். அதுவே ரிட்லி முறை. பின்னாளில் அது எளிமையாகி, பாதி மரத்தைச் சுற்றி இறங்கும் ஒற்றைக் கோடு ஆயிற்று. நம் பெரியவர்கள் வெட்டியது அந்தக் கோடுதான்.

என் பாட்டி பால் வெட்டியவர். நெத்தி லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன்பே நிரைக்குப் போய்விடுவார். ஏன் பாட்டி இருட்டில் போகணும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வெயில் ஏறினா பால் நின்னுடும்டா என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். உண்மை என்னவென்றால், இரவில் மரம் நீரை நிறைய வைத்துக்கொள்வதால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறியதும் இலை வழியே நீர் போய், அழுத்தம் குறைந்து, பாலும் குறையும். பாட்டியின் பேச்சும் தாவரவியலும் ஒன்றுதான். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் காயம் பட்டால் தண்டல் ஏன் அப்படிச் சத்தம் போட்டார் என்பதும் இப்போது விளங்கும். ரிட்லி பல ஆண்டு உட்கார்ந்து கண்டுபிடித்த அந்த நூலிழை அளவை நம் பெண்கள் அரை இருட்டில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்தில், விரல் நுனியாலேயே அறிந்து வெட்டினார்கள். அது கூலி வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அது பெரிய கைத்தொழில்.

முறை கிடைத்துவிட்டது, நடுவதற்குத்தான் ஆள் இல்லை. அந்நாளில் சிலாங்கூர் துரைமார்களுக்குக் காப்பியில் மோகம். மலாக்காவில் மரவள்ளி. ரிட்லி விடவில்லை. இரப்பர் விதை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும், ஆகவே கையோடு கொடுத்தாக வேண்டும். பார்க்க வந்தவர், வழியில் கண்டவர் எல்லாருடைய சட்டைப் பையிலும் விதையைத் திணித்து அனுப்புவாராம். இதனால் அவருக்குக் 'கிறுக்கு ரிட்லி' என்ற பட்டப்பெயர் வந்தது. இரப்பரையே பேசிக்கொண்டிருந்ததால் 'இரப்பர் ரிட்லி' என்றும் அழைத்தார்கள். அரசாங்க நேரத்தை வீணாக்குகிறார் என்று மேலிடத்திலும் முணுமுணுப்பு இருந்தது.

மலாக்காவில் டான் சே யான் என்ற சீனப் பெருமகனார் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நட்டார். அதே காலத்தில் சிலாங்கூரில், காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காப்பிக்கு நடுவே இரப்பரை வைத்தார்கள். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தபோது மற்றவர்களுக்கும் புத்தி வந்தது. கிறுக்கு என்று சொன்னவர்கள் விதை கேட்டு எழுதத் தொடங்கினார்கள்.

இனி வண்டிப் பாதையைப் பார்ப்போம், இதைப் பாடநூல்கள் தனியாகவே வைத்துவிடுகின்றன. இந்நாட்டில் இரயில் பாதை போட்டது இரப்பருக்காக அல்ல, ஈயத்துக்காக. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம், பிறகு வடக்கே கெப்போங், சுங்கை பூலோ, குவாங் வழியாக ரவாங் என்று பாதை நீண்டது. அதுவரை ஆற்றில் படகு, மண் சடக்கில் மாட்டு வண்டி, இவை இரண்டுந்தான் போக்குவரத்து. மழை பெய்தால் வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும். இரப்பர் வந்தபோது துரைமார்கள் எங்கே காட்டை அழித்தார்கள்? இரயிலுக்கும் சடக்குக்கும் பக்கத்திலேதான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்குக் கரை நெடுகத் தோட்டங்கள் பாதையைப் பிடித்துக்கொண்டே போகும். அந்தப் பாதையில் மண் வெட்டியவர்களிலும், தண்டவாளம் சுமந்தவர்களிலும் பெரும்பாலோர் நம்மவர்களே. யாழ்ப்பாணத் தமிழர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் இருந்தார்கள்.

பிறகு சக்கரம் திரும்பச் சுழன்றது. 1908இல் அமெரிக்காவில் போர்டு நிறுவனம் மலிவான மோட்டார் காரை வெளியிட்டது. ஒவ்வொரு காருக்கும் நான்கு டயர். 1910இல் இலண்டனில் இரப்பர் விலை இராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டியது. ஏஜென்சி கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு காட்டை வாங்கின. 1920 வாக்கில் மலாயாவில் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் இரப்பர் நின்றது. உலக இரப்பரில் ஏறக்குறைய பாதி இங்கிருந்து போயிற்று. இங்கிருந்து போன பால்தான் டயராகி, லாரிக்குப் பூட்டப்பட்டு, தோட்டத்துக்கே திரும்பி வந்து, மாட்டு வண்டியை ஓரங்கட்டியது.

இத்தனை ஏக்கருக்குக் கை வேண்டுமே! கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கமெல்லாம் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டது, கப்பல் சத்தம் அதிலிருந்து கட்டப்பட்டது. புதிதாக அழித்த காட்டில் கொசு பெருகியது. மலேரியாவில் லயத்துக்கு லயம் ஆள் விழுந்தார்கள். 1901இலேயே கிள்ளானில் டாக்டர் மல்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டியிருந்தும், அவசரத்தில் திறந்த பல தோட்டங்களில் அந்த வேலை நடக்கவில்லை. ரிட்லியின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு மரத்தைச் சாகாமல் வெட்டும் வழியை அவர் கண்டார். மரத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் அதை வெட்ட வந்தவனுக்குக் கிடைக்க நெடுநாள் ஆயிற்று.

ரிட்லி இரப்பரோடு நின்றவர் அல்லர். மலாயாக் காடுகளில் நடையாய் நடந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். 1911இல், ஓய்வு பெறும் தறுவாயில், குனோங் தஹான் மலைக்குப் போனார். ஊர் திரும்பி, 1922 முதல் 1925 வரை மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரிய தொகுதிகள் வெளியிட்டார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகளே சிரிக்க வேண்டாம், உண்மைதான்!

அவருடைய ஐந்தாம் தொகுதி வந்த அதே 1925இல்தான் மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கான சட்டம் பிறந்தது. அதன் சோதனைத் தோட்டம் நம் சுங்கை பூலோவில் அமைந்தது. நாம் ஆர்.ஆர்.ஐ. என்போமே, அதுதான். மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். பூமலையில் ரிட்லி தனியாளாகச் செய்ததை இங்கே விஞ்ஞானிகள் கூட்டமாகச் செய்தார்கள். மகரந்தம் மாற்றிப் புதிய இன மரங்கள், ஒட்டுக்கன்று, பால் கூட்டும் மருந்து என்று பலவும் வந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் பல நாடுகளில் நடப்பட்டது. சோதனை மரத்தில் கத்தி வைத்ததும், மங்கு மங்காகப் பாலை அளந்து கொடுத்ததும் தமிழ்த் தொழிலாளிகள். ஆராய்ச்சி அறிக்கைகளில் மரத்துக்கு எண் உண்டு, வெட்டியவர் பெயர் இராது.

ரிட்லி 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் தம் நூறாவது வயதில் காலமானார். நம் நாடு விடுதலை பெற அப்போது பத்து மாதங்கள் இருந்தன. 1990 வரை உலகிலேயே அதிக இயற்கை இரப்பர் உற்பத்தி செய்த நாடாக மலேசியா இருந்தது. அதன்பின் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திக்கொண்டன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. ஆர்.ஆர்.ஐ. நிலத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் 2010க்குப் பிறகு நகரமாக மாறத் தொடங்கி, குவாசா டாமன்சாரா என்று பெயர் பெற்றது.

2017 ஜூலையில் சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை எம்.ஆர்.டி. முழுமையாக ஓடத் தொடங்கியது. 2022இல் பாதை மாற்றம் வந்ததால் இப்போது குவாசா டாமன்சாராவில் இறங்கி மாறி ஏற வேண்டும். சிலாங்கூரில் இரப்பர் முதலில் ஊன்றப்பட்ட காஜாங்குக்கும், அதை ஆராய்ந்த சுங்கை பூலோவுக்கும் இடையே போகும் அந்தப் பயணத்தில், மாறி ஏறும் நிலையமே பழைய ஆர்.ஆர்.ஐ. மண்ணில்தான் நிற்கிறது. மேடையில் நின்று கீழே பார்த்தால் தார்ச்சாலை, மேம்பாலம், கட்டடம். மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோலகங்சாருக்குத்தான் போக வேண்டும். ஹியூ லோ நட்ட ஒன்பதில் ஒன்று என்று மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டு ஒரு முதுமரத்தைக் காட்டுகிறார்கள். அடுத்த பள்ளிச் சுற்றுலாவை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் யோசிக்க வேண்டும். பால் வெட்டத் தெரிந்த தாத்தா பாட்டி யாராவது உடன் வந்தால் நல்லது. அந்த மரத்தின் பட்டையைப் படித்துக் காட்ட என்னால் ஆகாது, அவர்களால் ஆகும்.