மூன்று உயிர்கள் காட்டிய வழி
வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் வரலாறு

அது 1890-களின் தொடக்கம். திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் பங்களா. இரவு நேரம். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பாதிரியாரின் மகள் எழுந்து சென்று கதவைத் திறந்தார். வாசலில் ஒரு பிராமணர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தார். மருத்துவச்சி கைவிரித்து விட்டாள். உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் அவருடைய தந்தை டாக்டர். அவரை அழைத்து வருவதாகச் சொன்னார். வந்தவர் மறுத்து விட்டார். அந்நிய ஆடவர் தன் மனைவியைத் தொடுவதை அவருடைய குல வழக்கம் அனுமதிக்கவில்லை. தலைகுனிந்தபடி திரும்பிப் போனார்.

அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். இருவர் வீட்டிலும் அதே நிலைமை. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்களும் மறுத்தார்கள்.

பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அந்தச் செய்தியைக் கேட்டு இடிந்து போன பெண்தான் ஐடா ஸ்கடர்.

மருந்து இருந்தும் பயனில்லை

டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. கூப்பிடு தூரத்தில்தான் நோயாளிகள் இருந்தார்கள். ஆனாலும் மூன்று உயிர்கள் போயின. நோயாளியின் வழக்கம் ஒரு பக்கம், டாக்டரின் படிப்பு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. இதுதான் ஐடாவின் மனதில் தைத்த முள்.

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் வைத்தியம் பார்த்தவர். சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சத்தை ஐடா கண்ணால் கண்டார். பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சிகள் அவரை மிரட்டின. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்ந்து விட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தாய்க்கு உடல் நலமில்லை என்பதால்தான் அப்போது திண்டிவனம் வந்திருந்தார்.

அந்த இரவு எல்லாவற்றையும் மாற்றி விட்டது. அந்த ஆண்களை அவர் ஏசவில்லை. மூட நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடவும் இல்லை. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால், அந்தப் பெண் டாக்டராக நானே ஆகிறேன் என்று முடிவு செய்தார்.

வேலூரில் ஆஸ்பத்திரி

அமெரிக்கா சென்றார். 1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற பாங்கு அதிபர், இறந்து போன தன் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10 ஆயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார். 29 வயதில் தனியாக நின்றார் ஐடா. ஆனாலும் பங்களாவில் ஒரு சிறிய அறையில் வைத்தியத்தைத் தொடர்ந்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்றாலே மக்களுக்குப் பயம். நோயாளி தனியாக வரமாட்டார். தாய், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் கூட வருவார்கள். வேற்று சாதியார் சமைத்த சோற்றைத் தொடாதவர்கள் உண்டு. கோஷாப் பெண்கள் முகத்திரையை விலக்கவே கூசுவார்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினரை வெளியே அனுப்பும் மேல்நாட்டு ஆஸ்பத்திரி வழக்கம் இங்கே செல்லுபடி ஆகாது. வலி எங்கே என்று அன்னிய மொழியில் கேட்டால் பதில் வராது. வெட்கத்தை மறந்து பேச, தன் மொழி பேசும் ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வழக்கத்தை மதிப்பது வேறு. உயிருக்கு ஆபத்தான வழக்கத்துக்குத் தலையாட்டுவது வேறு. சுத்தமில்லாத முறையில் பிரசவம் பார்ப்பதும், கடைசி நிமிடம் வரை நோயாளியை வீட்டிலேயே வைத்திருப்பதும் பல உயிர்களைப் பறித்தன. அதை மாற்ற ஐடா ஊர் ஊராகப் போனார். சாலையோர மரத்தடியில் நின்று மருந்து கொடுத்தார்.

நர்சு வேலைக்கு ஆள் எங்கே?

டாக்டர் சில நிமிடம் பார்ப்பார். இரவு பகலாக நோயாளியின் அருகில் இருப்பவர் நர்சுதான். ஆகவே உள்ளூர்ப் பெண்களே நர்சு ஆக வேண்டும் என்று ஐடா கருதினார்.

இதற்கும் வழக்கமே குறுக்கே நின்றது. மலஜலம் எடுப்பது, எல்லா சாதியாரையும் தொடுவது, இரவில் வேலை பார்ப்பது ஆகியவை குடும்பப் பெண்ணுக்கு இழுக்கு என்று கருதப்பட்டன. நர்சு என்றால் மாப்பிள்ளை கிடைப்பது கடினம் என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது.

1909-ல் டெலியா ஹவ்டன் என்ற அமெரிக்க நர்சு, வேலூரில் நர்சுப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களே சேர்ந்தார்கள். படுக்கையில் கிடந்தவருக்குத் தன் மொழியிலேயே ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்தது. நாளடைவில் மற்றவர்களின் தயக்கமும் குறைந்தது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஐடா தொடங்கினார். 1946-ல் நர்சிங் பட்டப் படிப்பு வந்தது. இந்தியாவில் முதன்முதலில் அந்தப் படிப்பைத் தந்த இடங்களில் வேலூரும் ஒன்று. 1947-ல் மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

ஐடா திருமணம் செய்து கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பின் கொடைக்கானலில் வசித்தார். 1960 மே மாதம், 89-வது வயதில் அங்கே காலமானார்.

நமக்கும் தெரிந்த கஷ்டம்

பிழைப்புக்காக வேற்று மாநிலத்தில் இருக்கும் நமக்கு, ஐடா புரிந்து கொண்ட உண்மை எளிதில் விளங்கும். வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா என்பதை அந்த ஊர் மொழியில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம். கஞ்சி கேட்டால் ரொட்டி வருகிறது. பிரசவ வார்டில் நம் வீட்டுப் பெண் எதற்காகக் கூசுகிறாள் என்பது நர்சுக்குப் புரிவதில்லை. அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தமிழ்க் குரல் கேட்டால் பாதி நோய் தீர்ந்தது போல் ஆகிவிடுகிறது.

இன்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கு மாநிலங்களில் இருந்தும் நோயாளிகள் ரெயிலேறி வருகிறார்கள். அந்தத் தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. அங்கே அவர்கள் அன்னியர். இங்கே நாம் அன்னியர். திண்டிவனத்தில் அன்று மூடிக்கொண்ட கதவு, மொழி தெரியாத ஒவ்வொரு நோயாளியின் முன்பும் இன்றும் இருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் பாஷை தெரியாமல் ஒருவர் தவிப்பதைப் பார்த்தால், தெரிந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி அந்தக் கதவைத் திறந்து விடுவது நம்மால் ஆகக்கூடிய காரியம்தான்.