பர்த்தலோமேயு சீகன்பால்க்

பர்த்தலோமேயு சீகன்பால்க் (1682 – பிப்ரவரி 23, 1719) ஜெர்மனியைச் சேர்ந்த லூத்தரன் மதகுரு ஆவார். இந்தியாவுக்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபை மறைபரப்பாளர்களுள் இவரும் ஒருவர். தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சேற்றியவர் என்ற முறையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், இவர் தம் பணியின் அடித்தளமாகக் கொண்டவை சிறுவர் பள்ளிகளே. தரங்கம்பாடி, கடலூர், சென்னை ஆகிய ஊர்களில் இவரது முயற்சியால் பள்ளிகள் தோன்றின.

இளமை

சீகன்பால்க் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். இளம் வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். தாம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் செல்வம் விவிலியமே என இவருடைய தாய் இறக்கும் தறுவாயில் கூறிச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் ஹாலே நகரில் பயின்றார். அங்கு ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தையும் பள்ளிகளையும் நடத்தி வந்தார். எழுத்தறிவு, ஒழுக்கம், இறைப்பற்று ஆகிய மூன்றையும் ஒருசேரச் சிறுவர்க்கு ஊட்ட வேண்டும் என்பது பிராங்கேயின் கொள்கை. தாமும் பெற்றோரை இழந்தவரான சீகன்பால்க் இக்கொள்கையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்.

தரங்கம்பாடி வருகை

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி, சீகன்பால்க்கும் ஹென்ரிச் புளுட்சாவும் 1705 இறுதியில் கப்பலேறினர். 1706 சூலை 9 அன்று டேனியர் குடியேற்றமான தரங்கம்பாடியை அடைந்தனர்.

தமிழ் கற்பதற்கு அப்போது அங்கே அச்சு நூல்கள் கிடைக்கவில்லை. எனவே சீகன்பால்க், முதியவரான ஒரு தமிழ் ஆசிரியரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு கேட்டுக்கொண்டார். இருபத்து நான்கு வயதான அவர், சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதி நெடுங்கணக்கைக் கற்றார். சில மாதங்களிலேயே தமிழில் படிக்கவும் பேசவும் தேர்ந்தார். திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் முறையை இவ்வாறு ஒரு மாணவராக இருந்தே அறிந்துகொண்டார்.

பள்ளிகள்

1707இல் தரங்கம்பாடியில் தமிழ்ச் சிறுவர்களுக்கும் போர்த்துக்கேய மொழி பேசிய சிறுவர்களுக்கும் பள்ளிகள் அமைந்தன. அதே ஆண்டில் சிறுமியர்க்கும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் இலவசமாக வழங்கப்பட்டன. மணலிலும் ஓலையிலும் எழுதுதல், கணக்கு, இசை ஆகியவற்றுடன் வழிபாடும் ஞானோபதேசமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. லூத்தரின் சிறிய ஞானோபதேச நூலைச் சீகன்பால்க் தமிழில் மொழிபெயர்த்தார். 1709இல் திருமுழுக்குப் பெற்ற கணபதி வாத்தியார் விவிலியக் கதைகளைத் தமிழ்ச் செய்யுளாக இயற்றினார்.

டேனியத் தளபதி ஹாசியுசு இப்பணியை விரும்பவில்லை. 1708 நவம்பரில், ஓர் ஏழை விதவையின் வழக்கை ஒட்டி எழுந்த பூசலில் சீகன்பால்க் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் அடைக்கப்பட்டார்.

தமிழ் நீதிநூல்கள்

சீகன்பால்க் ஓலைச்சுவடிகளை ஆர்வத்துடன் திரட்டினார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதி வெண்பா ஆகிய மூன்று நூல்களையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இவற்றுள் கொன்றை வேந்தனும் உலகநீதியும் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மனப்பாடம் செய்யும் தொடக்க நூல்கள். கிறித்தவர் அல்லாத மக்களிடமும் உயர்ந்த அறநெறி உண்டு என்பதை ஐரோப்பியர் உணர வேண்டும் என அவர் கருதினார். எனினும் மீட்பு கிறித்தவ நம்பிக்கையாலேயே வரும் என்ற கொள்கையில் உறுதியாக நின்றார். இம்மொழிபெயர்ப்பு 1930இல்தான் அச்சில் வெளிவந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலையும் ஹாலேயினர் வெளியிட முன்வரவில்லை. அது 1867இல் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது.

கடலூர்ப் பள்ளி

பள்ளிகளுக்கு நூல்களும் ஆசிரியர்களும் தேவைப்பட்டனர். 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு அச்சிடப்பட்டது. 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளி தரங்கம்பாடியில் நிறுவப்பட்டது.

1717இல் சென்னை ஆளுநர் யோசப்பு கொலெட்டின் ஆதரவுடன் கடலூரிலும் சென்னையிலும் அறப்பள்ளிகள் திறக்கப்பட்டன. தரங்கம்பாடிக்கு வடக்கே, கொள்ளிடத்தையும் சிதம்பரத்தையும் கடந்து அமைந்திருந்த கடலூர், ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைச் சார்ந்த ஊராகும். கடலூர்ப் பள்ளியின் ஆசிரியர் சவரிமுத்து வழியாக அவ்வூர் வணிகர் ஒருவரின் மகனான ஆறுமுகம் கிறித்தவக் கல்வி பெற்றார். 1718இல் சீகன்பால்க் அவருக்கு ஆரோன் என்னும் பெயரில் திருமுழுக்கு அளித்தார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றிய ஆரோன், 1733இல் குருத்துவம் பெற்று, இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குருவானார். 1745இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று பணிசெய்தார்.

இறுதிக் காலம்

இதே காலத்தில் கோபனாவனிலிருந்த மறைபரப்புக் குழுவின் செயலாளர் வெண்ட், பள்ளிகளுக்கும் கட்டடங்களுக்கும் பணம் செலவிடப்படுவதைக் கடுமையாகக் குறைகூறிக் கடிதங்கள் எழுதினார். மறைபரப்பாளர்கள் முதல் திருத்தூதர்களைப் போல் கையில் ஏதுமின்றி ஊர்தோறும் போதித்தாலே போதும் என்பது அவரது நிலைப்பாடு. சிறுவர்க்கு உணவும் கல்வியும் தராமல் நிலையான திருச்சபை உருவாகாது என்பது சீகன்பால்க்கின் அனுபவம். ஏற்கெனவே நலிவுற்றிருந்த அவரது உடல்நிலையை இம்மனத்துயர் மேலும் பாதித்தது. அவர் 1719 பிப்ரவரி 23 அன்று தமது 36ஆம் வயதில் காலமானார். முந்தைய ஆண்டில் தாமே அர்ப்பணித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டை அவர் ரூத்து ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சுல்ட்சே நிறைவு செய்தார்.

தாக்கம்

கடலூரில் 1737 முதல் இங்கிலாந்தின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் பணி தொடர்ந்தது. அங்கு 1740இல் வந்த சுவீடன் நாட்டவரான கியர்னாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றியதை அடுத்துக் கல்கத்தாவுக்குச் சென்று அங்கும் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சுவார்ட்சு தஞ்சாவூர்ப் பகுதியில் நிறுவிய பள்ளிகளும் தரங்கம்பாடிப் பணியின் தொடர்ச்சியாகவே அமைந்தன.