இரும்பு உலைகளின் எரிபொருளைக் குறைத்த எரிவாயுப் பொறியாளர் நீல்சன்

பிலாய், ரூர்கேலா உள்ளிட்ட உருக்காலைகளின் ஊது உலைகளுக்குள் இன்று செலுத்தப்படுவது சூடான காற்று. இந்த முறைக்கு 1828-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பியூமாண்ட் நீல்சன். அவர் இரும்பு உற்பத்தியாளர் அல்லர்; எரிவாயு ஆலைப் பொறியாளர்.

கிளாஸ்கோ அருகே ஷெட்டில்ஸ்டனில் 1792 ஜூன் 22-இல் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரப் பணியாளர். 1817-இல், 25-ஆவது வயதில், கிளாஸ்கோ எரிவாயு ஆலையின் பொறுப்பை ஏற்ற நீல்சன், 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். ஆலைத் தொழிலாளர்கள் கல்வி பெற நூலகத்துடன் கூடிய அமைப்பையும் உருவாக்கினார்.

அக்காலத்தில் உலைகள் குளிர்காலத்தில் கூடுதல் இரும்பைத் தந்தன. எனவே குளிர்ந்த காற்றே சிறந்தது என ஆலை உரிமையாளர்கள் நம்பினர். குளிர்காலக் காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதே உண்மையான காரணம். எரிவாயு விளக்கிலும் கொல்லன் உலையிலும் சோதனை நடத்திய நீல்சன், சூடான காற்றில் நெருப்பு வலுப்பெறுவதைக் கண்டறிந்தார். ஆயினும் தங்கள் உலைகளில் மாற்றம் செய்ய உரிமையாளர்கள் தயங்கினர். இறுதியில் கிளைடு இரும்பாலை வாய்ப்பளித்தது.

அங்கு 1829-இல் குளிர்ந்த காற்றைச் செலுத்தியபோது, ஒரு டன் இரும்புக்குத் தேவையான கற்கரியைத் தயாரிக்க சுமார் 8 டன் நிலக்கரி செலவானது. காற்றைச் சூடாக்கியதும் 1830-இல் அது சுமார் 5 டன்னாகக் குறைந்தது. வெப்பத்தை மேலும் உயர்த்தி, கற்கரிக்குப் பதிலாக நிலக்கரியையே நேரடியாக இட்டபோது, 1833-இல் சுமார் 2¼ டன் போதுமானதாக இருந்தது. காற்றைச் சூடாக்கும் அடுப்புகளின் நிலக்கரியைச் சேர்த்தாலும் சேமிப்பு பெரிதாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் இரும்பு உற்பத்தி பன்மடங்கு பெருகியது.

டன்னுக்கு ஒரு ஷில்லிங் மட்டுமே உரிமைத்தொகையாகக் கோரப்பட்டது. அதையும் செலுத்த மறுத்துச் சிலர் காப்புரிமையையே எதிர்த்தனர். கார்ட்ஷெரி ஆலையின் பேர்ட் சகோதரர்களுக்கு எதிரான வழக்கில் 1843-இல் நீல்சன் தரப்பு வென்று, 11,000 பவுண்டுக்கும் அதிகமான இழப்பீடு பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே காப்புரிமைக் காலம் முடிவடைந்திருந்தது.

1846-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மறு ஆண்டு பணி ஓய்வு பெற்றார். 1865 ஜனவரி 18-இல் காலமானார். நவீன ஊது உலைகளில் காற்று 1,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கப்படுகிறது; எரிபொருளைச் சேமிக்க அவர் வகுத்த வழி இன்றும் தொடர்கிறது.