சர்க்காரை விடாத சர்க்கார் வக்கீல்

கறுப்புக் கோட்டு மாட்டியதும் வாலிப வக்கீல்களுக்கு வரும் குழப்பம்: சொந்தத் தொழிலா, சர்க்கார் பதவியா? எம்.சி. செடல்வாட் இரண்டையும் பார்த்தவர்.

1884-ல் ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தை சிமன்லாலும் பிரபல வக்கீல். பம்பாய் ஐகோர்ட்டில் பெயரெடுத்து, 1937-ல் மாகாண அட்வகேட் ஜெனரல் ஆனார். 1942-ல் அடக்குமுறை வந்ததும் ராஜினாமா செய்துவிட்டுச் சொந்தத் தொழிலுக்கே திரும்பினார்.

1950-ல் நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரல். எல்.ஐ.சி. பணம் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்டது பற்றி 1958-ல் சாக்ளா கமிஷன் பம்பாயில் விசாரித்தது. வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள்; அத்தனை கூட்டம்! நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரியே பொறுப்பு என்றார் செடல்வாட். சர்க்கார் வக்கீலே இப்படிச் சொன்னார். நம்மவர் ஆயிற்றே என்று தமிழர்களுக்கு வருத்தம்தான்.

மந்திரி விலகினார். செடல்வாட் 1963 வரை அதே பதவியில் இருந்தார். 1974-ல் காலமானார்.