சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். 1950 முதல் இறக்கும் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் (பின்னர் ஆந்திரக் காவல்துறை) பயிற்சியாளராக இருந்தார். அதே காலப்பகுதியில் இந்திய தேசிய அணியையும் வழிநடத்தினார். இவரது பயிற்சியில் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கமும், 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றது. ஐதராபாத்தில் இவர் ரகீம் சாகிப் என்றே அறியப்பட்டார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் அணிக்காக ஆடினார். பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் விளையாடினார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இவர், உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். 1940களில் ஐதராபாத் காற்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்று, வாழ்நாள் முழுவதும் அதில் நீடித்தார். ஆட்டக்காரர் என்ற வகையில் இவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். வகுப்பறைப் பழக்கமே இவரது பயிற்சி முறைக்கு அடித்தளமாக அமைந்தது.

ஐதராபாத் நகரக் காவல்துறை

அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் தலைநகரமாகக் கல்கத்தா விளங்கியது. ரகீம் பொறுப்பேற்ற 1950ஆம் ஆண்டிலேயே காவல்துறை அணி டுராண்ட் கிண்ண இறுதியாட்டத்தில் மோகன் பகானை வீழ்த்தியது. பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. மாநில அணியாக ஐதராபாத், 1956-57, 1957-58 பருவங்களில் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

பந்தைத் தனியே கடத்திச் செல்லும் திறமையே அந்நாளில் பெரிதும் பாராட்டப்பட்டது. ரகீம் இதற்கு எதிரான கருத்துடையவர். பந்தைக் கடத்திச் செல்லாமல் உடனுக்குடன் தோழருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியுடன் இவர் தனிப் போட்டிகளை நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற போட்டிகளும் நடந்தன. எளிய பள்ளிக்கூடப் பயிற்சிகள் போலத் தோன்றும் இவையே விரைவாகப் பந்தைக் கைமாற்றும் ஐதராபாத் பாணியை உருவாக்கின.

சிகந்தராபாத் பகுதியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமன் இவரது மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லாதிருந்த பலராமனுக்கு மிதிவண்டி ஏற்பாடு செய்தவர் ரகீமே.

ஹெல்சிங்கி முதல் மெல்பேர்ண் வரை

1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த கோலால் இந்தியா ஈரானை 1-0 என வென்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி அடைந்தது. இந்திய வீரர்கள் பலர் அதில் வெறுங்காலுடன் ஆடினர். இதன்பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

காலணியால் மட்டும் தீரும் குறையன்று இது. ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் முறையை, அதாவது நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னிறக்கி எதிரணித் தடுப்பாளர்களை நிலைகுலையச் செய்வதை, ரகீம் இந்திய அணிக்கு ஏற்றவாறு புகுத்தினார்.

மெல்பேர்ணில் ஹங்கேரி விலகியதால் இந்தியா முதற்சுற்றை ஆடாமலேயே கடந்தது. ஆகவே ஒரேயொரு வெற்றியுடன் அரையிறுதியை அடைந்தது என்று கூறுவோர் உண்டு. ஆனால் அந்த வெற்றி போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றதாகும். அதில் நெவில் டி'சோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியிலும் இவரே முதல் கோலை அடித்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் போட்ட அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். ஆட்டம் 1-4 எனத் தோல்வியில் முடிந்தது. ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி இந்தியாவே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தபோதிலும் இந்தியா முதற்சுற்றைத் தாண்டவில்லை.

ஜகார்த்தா, 1962

ஜகார்த்தாவுக்குச் சென்றபோது ரகீமின் உடல்நிலை பெரிதும் நலிந்திருந்தது. இவர் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா நுழைவு மறுத்ததை இந்தியரான ஜி. டி. சோந்தி எதிர்த்ததால், உள்ளூர் மக்கள் இந்தியர்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு முன்னேறியது. இடையே தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையலிடப்பட்டார். அவரைத் தடுப்பில் நிறுத்தாமல் முன்கள வீரராக ரகீம் களமிறக்கினார். துணிச்சலான முடிவுதான். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியிலும், செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்திலும் ஜர்னைல் சிங் கோல் அடித்தார். இறுதியாட்டத்தின் மற்றொரு கோலை பி. கே. பானர்ஜி அடிக்க, பகைமை காட்டிய கூட்டத்தின் முன்னே இந்தியா 2-1 என வென்றது. காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத பீட்டர் தங்கராஜ் அன்று மீண்டும் இலக்கைக் காத்தார். இவர் நீலகிரியின் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணியில் ஆடியவர்.

மறைவும் பின்னரும்

ஒன்பது மாதங்களுக்குப் பின், தமது 53ஆம் வயதில் ரகீம் காலமானார். இவரது மகன் சையது ஷாகித் ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர்; பின்னாளில் நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். இவரிடம் பயின்ற பி. கே. பானர்ஜி, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலம் வென்ற அணியின் பயிற்சியாளர்களுள் ஒருவர். ஆடவர் காற்பந்தாட்டத்தில் இந்தியா அதன்பின் அப்போட்டிகளில் பதக்கம் பெறவில்லை. ரகீமின் வாழ்க்கையைத் தழுவி மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்தது. அதில் அஜய் தேவ்கன் இவரது பாத்திரத்தை ஏற்று நடித்தார்.