15 வயதில் கப்பலேற்றப்பட்ட சின்ன மருதுவின் மகன்: யார் இந்த துரைசாமி?

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூர் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்கள். இது பள்ளிக்கூட நாளிலிருந்தே நமக்குத் தெரிஞ்ச கதை. குருபூஜை வந்தா ஒவ்வொரு வருஷமும் செய்தியாகவும் வரும். ஆனா அந்தக் குடும்பத்தில் உயிரோடு விடப்பட்ட ஒரு பையனைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அவர்தான் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது அவருக்கு வயசு சுமார் 15.

அவருக்குக் கிடைத்தது தூக்குத் தண்டனை இல்லை. கடல் தாண்டி, ஆயுசுக்கும் நாடு கடத்தல்.

நரிக்குடி பக்கத்துக் குடும்பம்

விருதுநகர் மாவட்டம் நரிக்குடி பக்கத்தில் இருக்கிற முக்குளம்தான் இவங்களோட பூர்வீகம். துரைசாமியின் தாத்தா மொக்கப் பழனியப்பன் என்கிற உடையார் சேர்வை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் எப்படின்னு அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். மழை பெய்து கண்மாய் நிறைஞ்சாத்தான் விவசாயம். அந்த மானாவாரி மண்ணில் பிறந்த அண்ணன் தம்பி இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் தங்குறதுக்காக சொந்த மண்ணான நரிக்குடியில் ஒரு சத்திரமும் கட்டினார்கள்.

1772-ல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார் மகளோடும் மருது சகோதரர்களோடும் தப்பி, திண்டுக்கல் சீமையில் இருக்கிற விருப்பாச்சிக்குப் போனார். அதுவும் ஒரு வகையில் நாடு இழந்த வாழ்க்கைதான். ஆனா அங்கிருந்தபடியே ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 8 வருஷம் காத்திருந்து, 1780-ல் சிவகங்கையை மீட்டுவிட்டார். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. பின்னாடி துரைசாமிக்கு நடந்தது ஏன் வேற மாதிரி இருந்ததுன்னு புரிய இது உதவும்.

அதுக்கப்புறம் சிவகங்கைச் சீமையின் நிர்வாகம் மருது சகோதரர்கள் கைக்கு வந்தது. சின்ன மருது சிறுவயலில் அரண்மனை கட்டி வாழ்ந்தார். துரைசாமி பிறந்தது குடும்பம் அதிகாரத்தில் இருந்த இந்தக் காலத்தில்தான்.

எதிரி முகாமில் ஒரு நண்பர்

இந்தக் கதையில் முக்கியமான இன்னொரு ஆள், கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முன்னாடி, இளம் அதிகாரியா மதுரையில் இருந்தபோது மருது சகோதரர்களோடு நல்ல பழக்கம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான். பெரிய மருது ஆற்காடு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவார் என்றும், சின்ன மருதுவின் அரண்மனையில் காவலே கிடையாது, யாரும் உள்ளே போய் வரலாம் என்றும் இதே வெல்ஷ்தான் எழுதி வைத்தார். 1830-ல் வெளிவந்த அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகள் இல்லைன்னா துரைசாமி பற்றி நமக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மியா இருந்திருக்கும்.

1801-ல் எல்லாம் மாறியது. பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்ததும் மருதுவிடம் அடைக்கலம் வந்தார். ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. மருது மறுத்துவிட்டார். ஜூன் 16-ல் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அவருடைய பிரகடனம் ஒட்டப்பட்டது.

ஜூலை கடைசியில் கம்பெனிப் படை வந்து சேர்ந்தபோது சிறுவயல் எரிந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்களே தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துரைசாமி வளர்ந்த ஊர் அது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட ஒரு மாதம் முயன்று, முடியாமல் படை திரும்பியது. பிறகு படமாத்தூர் கௌரி வல்லபரை சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்து, உள்ளூர் ஆதரவைப் பிரித்தார்கள். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் அந்தக் குடும்பத்து ஆண்கள் பலரும் தூக்கில் தொங்கினார்கள்.

தூத்துக்குடி டூ பினாங்கு

1802 பிப்ரவரி 11. தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 70-க்கும் மேற்பட்ட கைதிகள். வேலுநாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையத் தேவர், பாஞ்சாலங்குறிச்சியின் தளவாய் குமாரசாமி நாயக்கர், கூடவே துரைசாமி. தூத்துக்குடியில் கைதிகளுக்குக் காவல் பொறுப்பாக இருந்தவர் யார் தெரியுமா? வெல்ஷ். நண்பரின் மகனுக்கு அவரால் செய்ய முடிந்தது, விலங்கின் பாரத்தைக் குறைத்தது மட்டும்தான்.

நாடு கடத்தல்னா நமக்கு அந்தமான் செல்லுலார் சிறைதான் ஞாபகம் வரும். அது கட்டி முடிக்கப்பட்டதே 1906-ல். அதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி, கைதிகளை பினாங்குக்குத்தான் அனுப்பினார்கள். இன்றைய மலேசியாவில் இருக்கிற அந்தத் தீவை 1786-லேயே ஆங்கிலேயர்கள் பிடித்து, வேல்ஸ் இளவரசர் தீவுன்னு பேர் வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகளை வைத்து அங்கே ரோடு போடும் வேலை நடந்தது.

கப்பல் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது. வேங்கன் பெரிய உடையத் தேவர் சுமத்ராவின் பென்கூலனில் இறந்துபோனார்.

ஏன் இவ்வளவு தூரம்? விருப்பாச்சிக்குப் போனவங்க படையோட திரும்பி வந்த கதையை நாடே பார்த்தது. நடுவில் கடல் இருந்தா காத்திருக்கவும் முடியாது, ஆள் சேர்க்கவும் முடியாது. 15 வயசுப் பையன் என்ன குற்றம் செய்தான் என்பதைவிட, யாருடைய மகன் என்பதுதான் அங்கே கணக்கு. இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

16 வருஷம் கழித்து

1818-ல் வெல்ஷ் பினாங்கு போனார். ஒருநாள் தனியாக இருந்தபோது, உடல் தளர்ந்து, பார்க்கவே பரிதாபமான ஒரு கிழவர் அவருடைய அறைக்குள் வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. வந்தவர் மெதுவாகத் தன் பெயரை மட்டும் சொன்னார். துரைசாமி.

கணக்குப் போட்டுப் பாருங்க. அன்னைக்கு அவருக்கு 32 வயசுதான் இருக்கும்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வெல்ஷ் நிலைகுலைந்துபோனார். ஆனா விடுதலை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்தச் சந்திப்பை எழுதிவைக்க மட்டும்தான் முடிந்தது. துரைசாமி பிற்பாடு மதுரைப் பக்கம் திரும்பி வந்தார் என்று சிவகங்கை வரலாற்றை எழுதிய சிலர் சொல்கிறார்கள். அப்படி வந்திருந்தாலும், சிவகங்கை ஜமீன் அப்போது படமாத்தூர்க்காரர்கள் வசம். அவர் வளர்ந்த சிறுவயல் அரண்மனை 1801-லேயே எரிந்து போயிருந்தது.